தலைகீழ்க் கிளிகள்

என் மனைவி தேவகி பாதியில் விட்டுப் போன சேலை தறியிலேயே இருந்தது. காய்ச்சலில் இறந்துபோனாள். வெள்ளைத் துணி போட்டு மூடி, யாரையும் தொட விடாமல் வைத்திருந்தேன். மீதியை நானே நெய்ய வேண்டும், ஒரு இழைகூடப் பிசகக் கூடாது. அவளுக்குச் செய்ய எனக்கு வேறொன்றும் மிச்சமில்லை.

டிசைன் என்னுடையது. சேலையின் உடல் முழுக்கப் பச்சைக் கிளி புட்டா, சின்னச் சின்ன உருவங்களாக. ஒருமுறை அவள் ஒரு கிளியை ஆரஞ்சில் நெய்தாள். பிரிக்கச் சொன்னேன்.

"உங்களுக்கு இன்னா, கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனைத் தட்டினா அழிஞ்சிடும். நான் இழை இழையா உருவணும்," என்றாள். உருவினாள்.

நேற்றுக் காலை துணியை எடுத்தேன். கிளியின் உருவம் தறிக்கு மேலே வரிசையாகத் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளின் ஓட்டைகளில் இருக்கிறது. அட்டைகளைக் கழற்றித் தூசு தட்டி மாட்டினேன். ஒரு வரிசை நெய்தேன். எதையும் பார்க்கவில்லை, கை மட்டும் ஓடியது.

தேவகியின் தங்கை தீபா டீ கொண்டுவந்தாள். குனிந்து பார்த்தாள்.

"மாமா, கிளிங்கல்லாம் தலைகீழா தொங்கிகினு இருக்குது. வவ்வால் புட்டாவா?"

அட்டைகளைக் கடைசி முதலாக மாட்டியிருந்தேன்.

"காலேஜ்ல இதுக்குத்தான் நாலு வருசம் படிச்சீங்களா?"

சிரித்துவிட்டேன். சத்தமாக. உள்ளே மாமியார் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ள, டீ ஆறிடப்போவுது," என்று மட்டும் குரல் வந்தது.

தீபாவின் முகத்தைப் பார்க்காமல் பிரிக்க உட்கார்ந்தேன். முதலில் வால். இழையை நகத்தால் தூக்கி உருவ வேண்டும். பட்டு விரலை அறுத்தது. ஒரு வால் பிரிவதற்குள் டீயில் ஆடை படிந்துவிட்டது. தேவகியை இப்படி எத்தனை கிளிகளைப் பிரிக்க வைத்தேன்? விரலைக் காட்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கையை எடுத்தேன்.

"அட்டையத் திருப்பி மாட்டட்டுமா மாமா?"

"வேணாம். தலைகீழாவே ஓடட்டும். அந்த ஆரஞ்சு நூல்கண்டு இருக்குதா?"

அவள் தேடவே இல்லை. அக்காவின் டப்பாவைத் திறந்து நேராக எடுத்துக் கொடுத்தாள்.

வாலில்லாத கிளியை அப்படியே விட்டேன். அடுத்த வரிசையில் ஒரு கிளியை ஆரஞ்சில் நெய்தேன். அதற்கடுத்தது என்ன நிறம் என்று யோசிக்காமல் டப்பாவில் கை போட்டேன். ஊதா வந்தது. கிளிக்கு ஊதா. நன்றாக இருந்தது. தேவகியின் நூலில், அவள் இல்லாமல், எனக்கு நன்றாக இருந்தது.

அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆனாலும் தறியின் மிதியிலிருந்து கால் எழவில்லை, நெய்துகொண்டே இருந்தேன்.