அலமாரி உச்சியில் ஒரு கலைக்களஞ்சியம்

திங்கட்கிழமை சுஹா வாயைத் திறக்காவிட்டால் பள்ளிக்கூடத்தில் டி.சி. கொடுத்துவிடுவார்கள். "எழுத்தும் ஏறல, எண்ணும் ஏறல. ராமநாதபுரத்துல இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்கும்மா. எதுக்கும் திங்கக்கெழம ஒரு தடவ நானே கேட்டுப் பாக்குறேன்" என்று தாளாளர் தர்மராஜ் சொல்லிவிட்டார். ஏழு வயதுப் பிள்ளையை ஹாஸ்டலில் தள்ளிவிட்டு மாஷிதா யாருக்குச் சோறாக்குவாள்? புருஷன் ரிஃபாய் ரியாத்தில் ஒரு அரபி வீட்டில் டிரைவர். இங்கே இருப்பதே தாயும் மகளும்தான்.

அவள் செய்து பார்க்காதது ஒன்றுமில்லை. கெஞ்சினாள், மிட்டாய் கொடுத்தாள், விளாசியும் பார்த்தாள். ஏர்வாடி தர்காவில் அழுதுவிட்டு, ஓதிய கயிறு வாங்கி வந்து பிள்ளையின் கையில் கட்டினாள். பாடப் புத்தகத்தைப் பிரித்தால் போதும், சுஹா தரையைப் பார்த்துக் கல்லாகிவிடுவாள்.

சனிக்கிழமை துணி துவைத்துவிட்டு உள்ளே வந்த மாஷிதாவுக்கு உயிரே போய்விட்டது. ரிஃபாய் கார்கோவில் அனுப்பிய தடிப் புத்தகம் தரையில் கிடந்தது. அட்டையில் தங்க நிறத்தில் அரபி எழுத்து. அரபியில் இருந்தால் அது ஓதுகிற கிதாபு, வேறென்ன! பெட்டி வந்த அன்றே கண்ணில் ஒற்றி, பச்சைத் துணியில் சுற்றி, அலமாரி உச்சியில் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். கைகால் முகம் கழுவி ஒளு செய்யாமல் தொட்டதில்லை. வெள்ளிதோறும் சாம்பிராணி வேறு. பிரித்துப் பார்க்க மட்டும் மகராசிக்குத் தோன்றவில்லை. இப்போது அதன்மேல் முழங்கையை ஊன்றிப் படுத்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள் மகள்.

"அல்லாவே! கிதாபை இப்புடியா போட்டுக்கிட்டுக் கெடப்பே, பாவி!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. விரிந்த பக்கம் முழுக்க ஒரு பேய்க்கணவாய் மீன் படம், கண்ணை உருட்டிக்கொண்டு.

"உம்மா, இதுக்குக் காலு எட்டு," என்றாள் சுஹா, அடிக்குப் பயந்து தலையை மறைத்தபடியே. "அந்தப் பக்கம் இன்னொண்ணு. மொத்தம் பதினாறு."

ரெண்டும் மூணும் எத்தனை என்று கேட்டால் விழிக்கிற பிள்ளை! மாஷிதா உடனே ரிஃபாய்க்குப் போன் போட்டாள்.

"அது சின்னப் புள்ளைங்க என்சைக்ளோபீடியா, புள்ள," என்று சிரித்தான் அவன். "கடலு, வானம், ஒடம்பு, ஒலகம் எல்லாம் இருக்கும். மொதலாளி மக படிச்சு முடிச்சது. எழுத்துதான் அரபி, படம் எல்லாருக்கும் பொதுதானே?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருப்பது ஒரு ஞாயிறு. அரபிப் புத்தகத்தை வலப்பக்கமிருந்து பிரிக்கத் தெரியும், எழுத்தை ஓதத் தெரியும், பொருள் தெரியாது. அதனால் படத்தைக் காட்டித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஒட்டகப் படத்திலிருந்து பேச்சு மழை பெய்யாத ஊருக்குப் போனது, அங்கிருந்து முதுகுளத்தூர் மிளகாய்க்கு. உலகப் படத்தில் வாப்பா இருக்கும் ஊரைத் தேடினார்கள். நடுவில் கிடந்த நீலத்தைத் தொட்டு, "இவ்ளோ தண்ணியா?" என்றாள் சுஹா. சிலேட்டில் 'கடல்' என்று கேட்காமலே எழுதினாள். மாஷிதாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். நாளைக்கு அங்கே போய் ஊமையாகிவிட்டால்?

அப்படியேதான் ஆனது. தாளாளர் அறையில் எழுத்தைக் கேட்டார், தரையைப் பார்த்தாள். கணக்கைக் கேட்டார், தரையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற வகுப்பு டீச்சர் கலைச்செல்வி மிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

"பாத்தீங்கல்ல?" தர்மராஜ் டி.சி. எழுத மேசை டிராயரை இழுத்தார்.

மாஷிதா பைக்குள்ளிருந்த புத்தகத்தை மேசைமேல் போட்டாள். "சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதுல ஒண்ணே ஒண்ணு கேளுங்க சார்."

"அரபில நான் என்னத்தம்மா கேக்குறது?" எரிச்சலோடு, தமிழ்ப் புத்தகத்தைப் பிரிப்பதுபோல இடப்பக்கமிருந்து பிரித்தார். பொடி எழுத்தாக வந்தது. "படமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல." மூடப்போனார். அந்தப் பக்கமில்லை என்று சொல்ல மாஷிதாவுக்கு வாய் வரவில்லை.

அவர் கையின்மேல் ஒரு சின்னக் கை விழுந்தது.

"சார், அது கடைசி." சுஹா கனமான புத்தகத்தை இரண்டு கையாலும் திருப்பி வைத்தாள். "இங்கன இருந்துதான் வரணும். மொதல்ல கடல்."

மாஷிதா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். தர்மராஜ் டிராயரை மெல்ல உள்ளே தள்ளினார்.

"கடலுக்கப்புறம் என்னம்மா வரும்?" என்றார்.