நூறு மணி நேரம்

கல்லூரி விண்ணப்பத்தில் கோடை விடுமுறைக்கென்று தனியாக ஒரு பக்கமே இருந்தது. நூறு மணி நேரமாவது சேவை செய்திருக்க வேண்டுமாம்.

"அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்குறேனேம்மா, அதை எழுதலாமா?" என்று கேட்டாள் மகள். பள்ளியில் விசாரித்தோம். வீட்டு மனிதர்களுக்குச் செய்வது கணக்கில் சேராது என்றார்கள்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயில் ஒரு சொல்கூட வரவில்லை. பட அட்டைகளைத் தூக்கிப் பிடித்து, 'குடை', 'பந்து' என்று அவரோடு நாள் முழுக்க மல்லுக்கட்டியவள் அவள்தான். "நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு. உங்கப்பா எங்கயும் ஓடிப்போயிட மாட்டாரு" என்று விரட்டி, பேருந்தில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த பேச்சுப் பயிற்சி மையத்துக்குச் சேவை செய்ய அனுப்பியவள் நான். மருத்துவம் படிப்பது அவளுக்கு ஆசை. எனக்கோ பேராசை.

தொண்ணூறு மணி நேரம் முடிந்திருந்தது. மறுநாள் காலை அவள் மையத்துக்குக் கிளம்பிப் போன பிறகு, அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலைப் பார்த்து உதட்டைக் கோணினார். "வா... வாலு" என்றார். கைக்குழந்தையிலிருந்து அவளை அவர் கூப்பிடும் பெயர் அது. போனை எடுத்தேன். சொன்னால் பாதியில் ஓடி வந்துவிடுவாள், அன்றைய நேரம் வீணாகிவிடும். சாயங்காலம் வந்து அவர் வாயாலேயே கேட்கட்டும் என்று போனைக் கீழே வைத்துவிட்டேன். பாவி நான்.

மத்தியானமே மறுபடியும் பக்கவாதம். கண் திறக்காமலேயே மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்த பிறகு, மிச்சமிருந்த நேரத்தையும் அழுதுகொண்டே முடித்துவிட்டு வந்தாள். நேற்று கட்டுரையை எனக்குப் படித்துக் காட்டினாள். மையத்துக்கு வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், நாலு மாதம் கழித்து மனைவியின் பெயரைச் சொன்னாராம். அந்த நிமிடம் பக்கத்தில் இருந்ததுதான் இந்தக் கோடையில் தனக்குக் கிடைத்த பெரிய பேறு என்று முடித்திருந்தாள்.

"நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்குடி."

தாளை மடித்தவள் நிமிர்ந்தாள். "நான் வீட்ல இல்லாதப்ப அப்பா ஒரு வார்த்தையாவது பேசினாரா?"

வாயைத் திறந்தேன். உதடு அசைந்ததே தவிர ஒன்றும் வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்ப்பாளே, அதே பொறுமையோடு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.