நூறு மழையில் முப்பத்தேழு

கோப்பு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் அதே நீல மை, அதே முத்து முத்தான கையெழுத்து: "பக்கம் நான்கில் 37 என்கிறீர்கள். பக்கம் பதினொன்றில் 41 என்கிறீர்கள். ஒத்துப்போகவில்லை. விளக்கவும்."

சுபாஷிணிக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இன்னும் என்னத்தை விளக்குவது! அரசுப் பணத்தில் நடக்கிற ஆய்வு அவளுடையது. தெற்கு தில்லியில் ஒரு பெரிய சாக்கடைக் கால்வாய் மழைக்காலத்தில் எங்கெங்கே கரை மீறும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். வரப்போகிற மழை எப்படிப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? அதனால் கணினிக்குள் நூறு விதமான மழையைப் பெய்யவிட்டு, எத்தனை மழையில் கரையோரக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுகிறது என்று எண்ணினாள். முப்பத்தேழில் புகுந்தது. சந்தேகத்துக்கு வேறு நூறு மழை பெய்யவிட்டாள். நாற்பத்தொன்று. இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்தால் கணக்கு சரி என்று இந்தத் தொழில் தெரிந்தவர்கள் கைகுலுக்குவார்கள். ஆனால் கோப்பு போவது பூவராகவனிடம் அல்லவா?

அந்தக் குடிசைகளில் ஒன்று ராஜாத்தியுடையது. முனிர்காவில் சுபாஷிணி குடியிருக்கும் வாடகை வீட்டில் சமையல் செய்பவள் அவள். விழுப்புரத்துக்காரி. போன ஆடியில் இடுப்பளவுத் தண்ணீரில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நின்றவள். இந்தக் கோப்பு நகர்ந்தால் அங்கே பெரிய பம்ப் ஒன்று வரும். நகராவிட்டால் வராது. மழைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

சுபாஷிணி பூவராகவனுக்குப் போன் செய்தாள்.

"சார், நாணயத்தை நூறு தடவை சுண்டினா ஒவ்வொரு வாட்டியும் சரியா அம்பது தலை விழுமா?"

"ஏம்மா, அரசாங்கக் கோப்புல நாணயம் சுண்டற வேலையெல்லாம் எதுக்கு?" என்றார் பூவராகவன். அவர் கும்பகோணத்துக்காரர். நிதி கொடுக்கும் துறையில் முப்பது வருஷம். அடுத்தவர் காசில் ஒரு டீ குடிக்க மாட்டார். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போடலாம். "படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. எத்தனை அங்குலம் தண்ணி வரும்? ஒரே ஒரு எண் குடுங்கோ. பன்னிரண்டுக்கு மேல இருந்தா பம்ப். இன்னொரு தடவை கேட்டாலும் அதே எண் வரணும். அவ்வளவுதான்."

"அதே எண் வரணுமா? வரும் சார், நன்னா வரும்!"

எரிச்சல் தலைக்கேறினால் மனிதர்கள் எதையும் செய்வார்கள். நூறில் ஒரே ஒரு மழையை எடுத்து, திரும்பத் திரும்ப அதுவே பெய்யும்படி பூட்டினாள். எந்த மழை என்றுகூடப் பார்க்கவில்லை. வந்த எண்ணை மற்ற பக்கங்களோடு சேர்த்து அனுப்பிவிட்டு, தொலையட்டும் என்று மடிக்கணினியை மூடினாள். முப்பத்தேழு என்பது நான்காம் பக்கத்தில்தான் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தானே முடிவு செய்யப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

மூன்று மாதமாக நகராத கோப்பு ஒரே நாளில் நகர்ந்தது. பம்ப் பட்டியல் வந்தது. அதில் ராஜாத்தியின் குடிசைப் பகுதி இல்லை. பூட்டிய மழை ஒரு சோப்ளாங்கி மழை. நான்கே அங்குலம். கட்டத்தில் அழகாக 4 என்று ஏறியிருந்தது. நான்காம் பக்கத்தையும் பதினொன்றாம் பக்கத்தையும் காணோம்.

சுபாஷிணி பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆட்டோ பிடித்துப் பூவராகவனின் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அந்தப் பக்கமெல்லாம் எங்கே சார்?"

"நாலு அங்குலத்தோட ஒத்துப்போகலையேம்மா. எடுத்துட்டேன்," என்றார் அவர், உதவி செய்த திருப்தியோடு.

"அய்யோ சார்! கோபத்துல நான் பண்ணின முட்டாள்தனம் அது. அங்க முந்நூறு குடும்பம் இருக்கு. மாத்தணும்."

பூவராகவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "கையெழுத்தான எண்ணை மாத்த ஒரே வழிதான். பிழைதிருத்தம். மாதிரியில, அதாவது உங்க கணினிக் கணக்குல, தப்பு இருந்ததுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். இது குழு முன்னாடி போகும்மா. உங்க திட்ட நீட்டிப்பை முடிவு பண்றதும் அதே குழுதான். யோசிச்சுக்கோங்கோ."

தப்பு மாதிரியில் இல்லை, அவளுடைய ஆத்திரத்தில். ஆனால் ஆத்திரத்துக்குப் படிவம் கிடையாது. 'மாதிரியில் பிழை இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கட்டத்தில் முப்பது அங்குலம் என்று எழுதினாள். தண்ணீர் புகுந்த முப்பத்தேழு மழைகளின் சராசரி அது. அவர் அன்றைக்குச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல், அந்தத் தாளைத் தானே கையில் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார்.

பம்ப் வந்தது. மழையும் வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது.

செப்டம்பரில் குழுவின் கடிதம் வந்தது. சுபாஷிணி சமையலறை வாசலில் நின்றே படித்தாள். 'முப்பது அங்குலம் என்று கணிக்கப்பட்ட இடத்தில் வெள்ளம் ஏற்படவில்லை. மாதிரியில் பிழை இருந்ததை ஆய்வாளரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளார். எனவே திட்டம் நீட்டிக்கப்படவில்லை.' பம்ப் ஓடியதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இந்த மாதக் கடைசியோடு அவள் சம்பளமும் நின்றுவிடும்.

"அடப்பாவிகளா," என்றாள் வாய்விட்டு.

ராஜாத்தி வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே திரும்பினாள். "நீ என்னாத்துக்கு திட்டுறியோ தெரியலக்கா, நான் எங்க பேட்டையில கொண்டாந்து வச்சானுங்களே ஒரு மோட்டாரு, அதத்தான் திட்டிட்டுக் கெடக்கேன். ரெண்டு நாளு டமடமடமன்னு காது கிழிஞ்சிபோச்சி. புகை வேற. எந்தப் புண்ணியவான் வைக்கச் சொன்னானோ! இந்த வருஷம் பேஞ்சதெல்லாம் ஒரு மழையா, சொட்டுத் தண்ணி உள்ள வரல. அப்புறம் எதுக்குக்கா அந்தச் சனியன்?"

சுபாஷிணி வாயைத் திறந்தாள். நூறு மழை, முப்பத்தேழு, நாற்பத்தொன்று எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன.

"அரிசி நனையலையே?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்க நனையறது? மூட்டைய எறக்கி வச்ச எடத்துலயே இருக்கு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு ராஜாத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.