பாஸில் ஒட்டிய முகம்

அண்ணன் இறந்த பதினேழாம் நாள், அண்ணி அவனுடைய கேட் பாஸை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, இந்தப் படத்த பெருசு பண்ணி மாட்டணும். எங்கப்பா எப்படி இருப்பாருன்னு பாப்பா கேட்டா, காட்ட எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

வேறு ஒன்றும் இல்லை. போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து கல்யாணப் படங்கள், ஆதார் அட்டை எல்லாம் கூழாகிவிட்டன. எங்கள் மூன்று பேரிடமும் இருந்தது படம் எடுக்காத பொத்தான் போன். பாப்பாவுக்கு எட்டு மாதம்.

சரி என்று வாங்கிக்கொண்டேன். அந்தப் பாஸில் இருப்பது என் முகம் என்று சொல்ல வாய் வரவில்லை.

நானும் அண்ணனும் சுமை தூக்கிய கிடங்கில் பாஸுக்குப் படம் பிடித்த அன்று அண்ணனுக்குக் காய்ச்சல். படம் இல்லாவிட்டால் பாஸ் இல்லை, பாஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை. நானே சட்டையை மாற்றிக்கொண்டு அண்ணன் பேரில் இரண்டாம் தடவையும் வரிசையில் நின்றேன். நகத்தளவு படம், மேலே தேய்ந்துபோன பிளாஸ்டிக். காவலாளி பாஸின் நிறத்தைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. ஆறு வருஷம் ஓடிவிட்டது.

ஸ்டுடியோவில் கூட்டம். ஸ்டுடியோக்காரர் ஒரு கனத்த புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

"பாத்துட்டு இருங்க தலைவரே. எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க எடுத்தது."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒருவர் தன் நாட்டில் ஒவ்வொரு தொழில்காரரையும் நிற்கவைத்து எடுத்திருக்கிறார். தோளில் செங்கல் அடுக்கிய ஒருவன் நேராக என்னைப் பார்த்தான். படத்தின் கீழே பேர் இல்லை, அவன் தொழில் மட்டும்தான். இன்னொரு பக்கத்தில் கூடாரத்தடியில் குழந்தைகளோடு ஒரு தாய்.

"அந்தம்மாவ எடுத்ததும் ஒரு அம்மாதான். பேருகூட கேக்கலையாம். உலகமே பாத்த படம்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"கேட்டிருந்தா என்ன கொறஞ்சுபோயிருக்கும்?"

"அது சரி," என்று சிரித்துவிட்டு, பாஸை வாங்கிக் கணினியில் ஏற்றினார். திரையில் முகம் பெரிதானது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தலைவரே, விளையாடுறீங்களா? இது நீங்கதானே?"

சொன்னேன். அவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டார். "சாயல் இருக்கும்ல? மாத்திடலாம். மூக்கு எப்படி, உங்கள மாதிரியா, அகலமா?"

தெரியவில்லை.

"காது? புருவம்?"

தெரியவில்லை. பதினெட்டு வருஷம் இரண்டு பேரும் ஜோடியாக பீரோவும் ஃபிரிட்ஜும் தூக்கியிருக்கிறோம். படியிறங்கும்போது அவன் முன்னால், நான் பின்னால். பின்கழுத்தில் பட்டை போட்ட காய்ப்பையும் உச்சியில் விழுந்திருந்த சொட்டையையும் கேட்டால் வரைந்தே காட்டுவேன். முகம் என்று கேட்டால் ஒன்றும் எழவில்லை.

வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தவர் கை நிற்கவில்லை.

"மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல பாருங்க," என்றார். பிறகு, "அப்ப ஆறு வருஷமா துணி துவைக்கறப்பல்லாம் பாக்கெட்லேருந்து உங்க மூஞ்சியத்தான் எடுத்து பத்திரமா வச்சிருக்கேன்."

அண்ணி சிரிக்கவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. மூட்டை இறக்கிய பிறகு தோள் மரத்துக் கிடக்குமே, உள்ளே அப்படித்தான் இருந்தது.

மறுநாள் அண்ணி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். காது கொஞ்சம் விடைத்திருக்கும். இடது கண் சின்னது. மேல் உதடு மெல்லிசு. தயக்கமே இல்லை. ஸ்டுடியோக்காரர் இழுத்தார், அழித்தார், மறுபடி இழுத்தார். என் முகம் என்னைவிட்டு விலகிக்கொண்டே போனது. பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்கோ முடி வெட்டுவதைப் பார்ப்பது போலிருந்தது.

"இப்ப பாருங்கம்மா."

அண்ணி வெகுநேரம் பார்த்தார். "அவருக்குச் சொந்தக்காரரு மாதிரி இருக்கு."

"இன்னும் கொஞ்சம் தாடைய மாத்திப் பாக்கலாமா?"

"வேணாம். அழிச்சிடுங்க."

"அம்மா, இதுவும் இல்லேன்னா வேற..."

"இல்லேன்னா இல்லதான். அதுக்காக வேற யாரையோ காட்டி அப்பான்னு சொல்ல முடியுமா? நாளைக்கு பாப்பா கனவுல அந்த மூஞ்சிதானே வரும்."

ஸ்டுடியோக்காரர் அழித்தார். திரையில் பழையபடி நான்.

அண்ணி பாப்பாவைத் தோள் மாற்றிக்கொண்டார். "இவர நல்லதா ஒண்ணு எடுங்க. கீழ சித்தப்பான்னு எழுதி மாட்டிடறேன். அப்பாவுக்கும் இந்த காதுதான், ஆனா கொஞ்சம் விடைச்சிருக்கும், கண்ணு ஒண்ணு சின்னதா இருக்கும்னு நான் வாயால சொல்லிக்கிறேன்."

"எனக்கெதுக்கு அண்ணி படம்?"

"உக்காருங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்டுடியோக்காரர் ஒரு விளக்கை அணைத்துவிட்டு இன்னொன்றைப் பக்கவாட்டில் நகர்த்தினார். நாடியைப் பிடித்து இறக்கினார். "தோள தளர்த்துங்க. எதையாவது தூக்கப்போற மாதிரியே இருக்கீங்க." தளர்த்தத் தெரியவில்லை. வெளிச்சம் அடித்தது.

அண்ணி எட்டிப் பார்த்தார்.

"கண்ண மூடிட்டாரு," என்றார். "இன்னொண்ணு எடுங்க."