வாசல் விளக்குப் பாட்டு

அலபாமாவில் எங்கள் மில் ஊரில் சனிக்கிழமை நடனம் எப்போதும் ஒரே பாட்டில்தான் முடியும். புருஷன் எந்த லட்சணத்தில் வந்தாலும் வாசல் விளக்கை அணைக்காதே என்று பெண்ணுக்குச் சொல்லும் பாட்டு. ஆண்கள் சுவரோரம் நிற்பார்கள். மனைவிகள் கூடத்தைக் கடந்து போய் அவரவர் ஆளைக் கைப்பிடித்து ஆட அழைத்து வர வேண்டும். பாட்டு முடிந்தும் சுவரோரம் நிற்பவன் மறுநாள் ஊரில் தலைகாட்ட முடியாது.

அதைப் பாடுகிறவள் நான், வில்லடீன். அதைப் பாடித்தான் எனக்குப் பேரே.

போன வாரத்திலிருந்து என் தோழி நேவா புருஷனை விட்டு வந்து என் வீட்டில் இருந்தாள். கழுத்தில் கன்றியிருந்ததை மறைக்க அந்த ஜூலைப் புழுக்கத்திலும் காலர் வைத்த சட்டை. அவள் புருஷன் ஹோலிஸுக்கு அன்று இரவு மில்லில் வேலை இருக்கும் என்று நம்பி நான்தான் அவளை நடனத்துக்கு இழுத்து வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேடையை ஒட்டிய மேசையில் அன்றும் அந்தப் பாட்டைப் பற்றி அதே சண்டை.

"எவ்வளவு அடிச்சாலும் வாயப் பொத்திக்கிட்டுக் கெடன்னு சொல்ற பாட்டு. இதுக்கு ஒரு ஆட்டம் வேற" என்றாள் நேவா.

அவள் மாமியார் ஓப்பலுக்குச் சுருக்கென்றது. "அவன் பலவீனமானவன், நீதான் பலசாலின்னு சொல்லுது. உனக்குத்தான் புரியல. ஹோலிஸோட அப்பனுக்கு சாகுறவரைக்கும் விளக்கேத்தி வெச்சவ நான்."

"ஏத்தி வெச்சு என்னத்தக் கண்டீங்க அத்த?"

அப்போது ஹோலிஸ் உள்ளே வந்தான். படிய வாரிய தலை, சலவைச் சட்டை. நேராக மேடைக்கு வந்தான்.

"அந்தப் பாட்டப் பாடு வில்லடீன். என் பொண்டாட்டி என்னக் கூப்பிடணும்."

"இன்னும் நேரம் ஆகலியே."

"பாடுன்னேன்ல."

கிதார்காரன் தொடங்கிவிட்டான். வேறு வழியில்லாமல் பாடினேன். ஒவ்வொருத்தியாகக் கடந்து போனார்கள். கடைசியில் சுவரோரம் ஹோலிஸ் மட்டும். நேவா எழுந்து போனால் அன்றே அவன் வீட்டுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் ஊர் பார்க்க அவமானப்பட்டவன் என்ன செய்வான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சரணம்தான் பாக்கி. அவன் கைகள் முஷ்டியாகியிருந்தன.

நேவாவின் நாற்காலி நகர்ந்தது. ஐயோ, எழுந்துவிட்டாள்.

ஓப்பல் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பிறகு இடுப்பு வலியோடு சாய்ந்து சாய்ந்து தானே கூடத்தைக் கடந்து மகன் முன்னால் நின்றாள்.

"நீ போய் உக்காரும்மா. இது உனக்கில்ல."

"பொம்பளைங்க கூப்பிடுற ஆட்டம்தானே? நான் கூப்பிடுறேன். கையக் குடு."

"அவ வரணும்."

"வரமாட்டா. உங்கப்பனுக்கு நான் விளக்கேத்தினதப் பார்த்துத்தான் நீ இப்படி வளந்த. நம்ம வீட்டுல ஒருத்தி ஏத்தினது போதும்."

அவன் முஷ்டிகளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஊர் முன்னால் பெற்றவளை உதற அவனுக்குத் துணிவில்லை. தடுமாறி ஆடத் தொடங்கினான். நேவா பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினாள். என் கார் சாவி அவளிடம்தான் இருந்தது.

கடைசி வரியைப் பாடி முடித்தேன். மகன் தோளுக்கு மேலாக ஓப்பல் என்னைப் பார்த்தாள்.

"நிறுத்தாதடி. முதல்லேருந்து பாடு."

வெளியே கார் கிளம்பும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. முதலிலிருந்து பாடினேன்.