எந்தப் பால்

குண்டு என்று வீட்டில் கூப்பிடும் பிள்ளை பிறந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. இந்த நாற்பத்திரண்டு நாளில், அவன் அம்மாவுக்குப் பால் ஊறுவதைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லாமல் போனவர் மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் ஒருவர்தான். அவருக்கும் அன்றைக்கு நேரமில்லை.

மற்ற எல்லோருக்கும் நேரம் இருந்தது. கணவனின் பெரியப்பா போனில் கால் மணி நேரம் பாடம் எடுத்தார். பால் கொடுத்து வளர்த்த அனுபவசாலி மாதிரி அப்படியொரு நிச்சயம் குரலில். மாடிவீட்டுக்காரி, "மனசு வச்சா ஊறும்" என்றாள். மனசை எந்தப் பக்கம் வைப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

"பால் குடுத்தியாம்மா?" என்று மாமியார் கதவுக்கு வெளியே நின்று கேட்பார்.

"குடுத்தேன் அத்தை."

அது பொய்யில்லை. இரண்டாவது வாரமே பிள்ளை இளைத்துப்போனதைப் பார்த்துவிட்டு, தாய்ப்பாலை நிறுத்தாதே, பத்தாததற்கு டப்பா பாலும் கொடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் இரண்டையும் கொடுத்தாள். பால் என்றால் பால்தானே. எந்தப் பால் என்று யாரும் கேட்காதவரை வீட்டில் அமைதி நிலவியது.

டப்பா அலமாரியில் கம்பளிக்குப் பின்னால் குடியிருந்தது. கணவன் அதைத் திருட்டு நகை போலப் பைக்குள் பொதிந்து கொண்டுவருவான். "அம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம்" என்பான். தொலையப்போவது யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, கரண்டியைத் தலைதட்டி அளந்து, சொட்டு பிசகாமல் கலக்கத் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் தெரியாது. நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தடுப்பூசி போட மாமியாரோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நாலு பேர் இல்லை, நாற்பது பேர் இருந்தார்கள். எடை பார்க்கும் நர்ஸைத் தராசக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் குண்டுவைத் தராசில் கிடத்தினார், முள்ளைப் பார்த்தார், பிள்ளையைக் கோப்பை ஜெயித்தவர் மாதிரி தூக்கிக் காட்டினார்.

"எல்லாரும் பாத்துக்கங்கம்மா! இதான் தாய்ப்பால் உடம்பு!"

"எங்க வீட்டுல டப்பாங்கிற பேச்சே கிடையாது" என்று மாமியார் நாற்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, தரையில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று தேடியபடி வந்து உட்கார்ந்தாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரி. சேலை நுனியில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. மடியில் ஒரு மாதப் பெண் குழந்தை. இவ்வளவு இரைச்சலிலும் அது கண் திறக்கவில்லை.

"தங்கமான பிள்ளை. அழறதே இல்ல" என்று தையல்காரியின் நாத்தனார் பெருமைப்பட்டார். "எடைதான் கொஞ்சம் கம்மியாம். அடிக்கடி மார்ல போட்டா தானா ஊறும், அடுத்த மாசம் பாக்கலாம்னு தராசக்கா சொல்லிட்டாங்க."

குண்டுவின் அம்மா அந்தக் குழந்தையைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. கை நூலாய்த் தொங்கியது.

"ஒண்ணுக்குப் போறாளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் போனா" என்றாள் தையல்காரி. "அப்புறம் துணி நனையவே இல்லக்கா."

அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட காட்டலையா? மேலதான இருக்காரு?"

"அவர்கிட்ட போனா டப்பாவ எழுதித் தருவாரு" என்றார் நாத்தனார். "டப்பா குடுக்கிறவ எல்லாம் ஒரு அம்மாவா? உங்களப் பாத்து இவ கத்துக்கணும்."

தையல்காரி குண்டுவின் மடிப்பு விழுந்த தொடையை ஏக்கமாகப் பார்த்தாள். "உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இவ்வளவு ஊறுது?"

அவளுக்காக மாமியார் பதில் சொன்னார். "எல்லாம் உடம்பு வாகும்மா. மனசுல பாசம் இருந்தா கொட்டும்."

"அப்ப எனக்குத்தான் பாசம் பத்தல போல" என்று தையல்காரி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வீட்டுக்குப் போய் இன்னும் நல்லா முயற்சி பண்றேன்." குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு முன்னால் நடந்தார்.

அவளும் எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிடுங்கி எடுத்தாள்.

"வீட்டுக்குப் போகாதீங்க. இப்பவே மாடிக்கு வாங்க, டாக்டர் பாக்கட்டும். நானும் வரேன்."

"என்னடி ஆச்சு உனக்கு? உக்காரு" என்று மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"பாசமும் இல்ல, வாகும் இல்ல அத்தை" என்றாள் அவள். குரல் நடுங்கினாலும் தராசு வரை கேட்டது. "இவன் குடிக்கிறதுல பாதி டப்பா பால்."