இரட்டைத் தகடு

போரின் இரண்டாம் வருஷம். ராணுவ லாரிகளின் கதவுகள் பிஸ்கட் டப்பா கனம்தான் இருந்தன. கவச வண்டிகள் இதோ வருகின்றன என்றார்கள், வந்தபாடில்லை. அதனால் பழைய கொதிகலன், இடிந்த பாலம், தண்ணீர்த் தொட்டி என்று கிடைத்த இரும்பையெல்லாம் அறுத்து, பட்டறையில் லாரிகளுக்குச் சட்டை தைத்தார்கள்.

அங்கே மூத்த வெல்டராக இருந்தவரின் தங்கை கணவன் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டினான். தங்கை ஒரு நாள் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, அவர் வண்டிக்கு மட்டும் கொஞ்சம் கனமா போடுண்ணே."

"இதை நீ சொல்லணுமா?"

மற்ற லாரிகளின் கதவுக்கு ஒரு தகடு, மாப்பிள்ளை லாரிக்கு இரண்டு. ஜன்னலையும் முன்கண்ணாடியையும் மூடி, பார்ப்பதற்கு நாலு விரல் அகலம் மட்டும் விட்டார். கதவு கனம் தாங்காமல் தொங்கியது. கூடுதலாக ஒரு கீல் வைத்தார்.

பட்டறை போர்மேன் கதவை இழுத்துப் பார்த்தார். "கனம் ஜாஸ்தியா இருக்கே. அவசரத்துக்கு இறங்க வேணாமா?"

"உயிரோட இருந்தாத்தானே சார் இறங்குறதுக்கு?"

போர்மேன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளை தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் கதவைத் திறந்தான். "மச்சான், லாரி கேட்டா இரும்புப் பெட்டி செஞ்சு வச்சிருக்கீங்களே!" என்று சிரித்தான்.

முதல் பயணத்திலேயே கதவில் மூன்று தோட்டாக்கள் பட்டன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. திரும்பி வந்தவன் மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வெல்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கதவைக் காட்டினார்.

ஐந்து வாரம் கழித்து, மழை விட்ட ஒரு காலை. துப்பாக்கிச் சத்தமே இல்லாத சாலை. வளைவில் கரை சரிந்து லாரி கால்வாய்க்குள் பக்கவாட்டில் சாய்ந்தது. ஒரு கதவு சேற்றில் புதைந்தது. இன்னொன்று வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

பின்னால் வந்த லாரியின் ஓட்டுநர்தான் பட்டறைக்கு வந்து வெல்டரிடம் சொன்னான். "உள்ளேருந்து தட்டிக்கிட்டே இருந்தாருண்ணே. தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. நாலு பேரு சேர்ந்துதான் கதவைத் தூக்க முடிஞ்சுது. அதுக்குள்ள..." அவன் வேலைக்குப் புதிது. அந்தக் கதவைச் செய்தது யார் என்று அவனுக்குத் தெரியாது.

தங்கையிடம் விபத்து என்று மட்டும் சொன்னார்கள். வெல்டரும் அப்படியே விட்டுவிட்டார். பதினாறாம் நாள், அவள் கணவனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, அவரால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். "நான்தான்மா அவனை உள்ள வச்சு மூடினேன்."

அவள் கை நின்றது. "கதவு திறக்க மாட்டேங்குதுன்னு மொத நாளே எங்கிட்ட சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரா, நானும் சிரிச்சுட்டேன். உங்கிட்ட வந்து சொல்லணும்னு தோணலியேண்ணே."

அவர் கீழே கிடந்த ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

மறுநாளிலிருந்து அவர் பட்டறையில் நின்ற பத்தொன்பது லாரிகளின் கூரையிலும் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை அறுத்தார். ஒரு கையால் தள்ளினால் திறக்கிற மூடி வைத்தார். யார் உத்தரவு என்று ராணுவ அதிகாரி கத்தினார். "மெமோ கொடுங்க சார், வாங்கிக்கிறேன்" என்றார் வெல்டர். போர்மேன் குறுக்கே வந்து, உத்தரவு தன்னுடையது என்று பொய் சொன்னார்.

அடுத்த மழையில் அந்த லாரிகளில் ஒன்று கவிழ்ந்தது. ஓட்டுநர் கூரை வழியாக வெளியே வந்துவிட்டான். மனைவியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

"நல்ல வேளைண்ணே, உங்களுக்கு இந்த யோசனை தோணுச்சு."

"லேட்டாத்தான் தோணுச்சு," என்றார் வெல்டர்.

"தோணுச்சே, அதுவே பெரிசுண்ணே," என்றாள் அந்தப் பெண், விவரம் தெரியாமல்.